முழு மனசையும் கடவுளுக்குக் கொடுத்தார்... கம்பனை விடவில்லை! யார் இந்த எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பினால், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு இது கார் தொழிற்சாலைகளின் சாலை. அவ்வளவுதான். ஆனா, அதன் இரண்டு முனைகளையும் கொஞ்சம் கவனித்தால் வேறொரு வரலாறு தெரியும். ஒரு முனையில், பாறையைக் குடைந்து எடுத்த பல்லவர் காலத்து நரசிம்மர் கோயில். மறுமுனையில், மரபுக் கணக்குப்படி 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர்.

கடவுளிடம் பாதி மனசோடு போக முடியாது, தன்னை முழுசா ஒப்படைக்கணும் என்பதற்கு அந்த மரபு வைத்திருக்கும் சொல், சரணாகதி. இதே சாலையை ஒட்டிய வாடகை அறைகளில் தங்கி வேலை பார்க்கும் தென்மாவட்டத்து இளைஞர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். அங்கே அவர்கள் அடிக்கடி கேட்கும் சொல், முழு இருதயம். இரண்டு சொற்களும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றனவா?

இந்தக் கேள்வியை வெறும் விவாதமாகப் பார்க்காமல், தன் வாழ்க்கையையே பணயம் வைத்துப் பார்த்த ஒருவர் இருந்தார். அவர் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை, நெல்லைச் சீமைக்காரர். வைணவராகப் பிறந்து கிறிஸ்தவராக இறந்த தமிழ்ப் புலவர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை.

பேரைக் கேட்ட மாதிரி இருக்கே?

கேட்டிருப்பீர்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று ஒரு செய்யுள் பகுதி வரும். இயேசுவைக் கட்டி இழுத்து, ஏளனம் செய்து, துன்புறுத்தும்போது அவர் அமைதியாக நிற்கும் காட்சி. கீழே ‘நூல்வெளி’யில் ஆசிரியர் குறிப்பு. ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்ற பட்டப்பெயரை ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்திருப்போம். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம்.

அந்தப் பட்டப்பெயருக்குப் பின்னால் இருப்பது, ஒரு மனிதர் எதையெல்லாம் விட்டார், எதை விட மறுத்தார் என்கிற கதை. அது புத்தகத்தில் வராது.

கம்பன் ஒலித்த வீடு

1827 ஏப்ரல் 23-ல், திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பு என்ற ஊரில் பிறந்தார். வைணவ வேளாளர் குடும்பம். அப்பா சங்கர நாராயண பிள்ளை, அம்மா தெய்வநாயகி. அப்பாவுக்குக் கம்பராமாயணத்தில் நல்ல தேர்ச்சி. டி.வி.யும் போனும் இல்லாத காலத்தில் ஒரு வீட்டில் தினமும் கம்பன் பாட்டு ஒலித்தால், அங்கே வளரும் பையனுக்குத் தமிழ் எப்படி வந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ராமாயணம், ஆழ்வார் பாசுரம், இலக்கணம் எல்லாம் இளமையிலேயே கைவந்தது.

அவர் வளர்ந்த மரபில் சரணாகதி என்பது மேடைப் பேச்சு இல்லை, அன்றாடப் பாடம். எல்லா தர்மங்களையும் விட்டுவிட்டு என்னை ஒருவனையே சரணடை என்று கண்ணன் அர்ஜுனனிடம் கீதையில் சொல்லும் இடத்தைத்தான் வைணவர்கள் சரம சுலோகம் என்று தலைக்கு மேல் வைத்திருக்கிறார்கள். சரி, சரணடைகிறவன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா? இதில்தான் வடகலைக்கும் தென்கலைக்கும் பிரசித்தி பெற்ற வழக்கு. குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும்; பிடி விட்டால் போச்சு. பூனைக் குட்டி எதுவும் செய்யாது; தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலை குரங்குக் குட்டியைக் காட்டும், தென்கலை பூனைக் குட்டியைக் காட்டும்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பல ஆயிரம் மைல் தள்ளி ஐரோப்பாவில், ஏறத்தாழ இதே கேள்வியில்தான் 16-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் இரண்டாக உடைந்தது. மனிதனின் செயலா, கடவுளின் கிருபையா என்று லூத்தர் எழுப்பிய சண்டை. அந்தச் சண்டையின் வாரிசுகளான புராட்டஸ்டன்ட் மிஷனரிகள்தான் கிருஷ்ணபிள்ளை சிறுவனாக இருந்த நெல்லைச் சீமைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஆக, அவர் பின்னாளில் கேட்ட கேள்வி அவருக்குப் புதுசே இல்லை. பதில்தான் புதுசு.

அந்தக் காலத்து நெல்லை, சும்மா இல்லை

1840-களின் நெல்லையை இன்றைய அமைதியான சர்ச் கோபுரங்களை வைத்துக் கற்பனை செய்யக் கூடாது. நாடார் சமூகத்தில் ஊர் ஊராகக் கிறிஸ்தவத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து ‘விபூதி சங்கம்’ என்ற அமைப்பு கிளம்பியது. மாறியவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன, வழக்குகள் நடந்தன. வேளாளர் போன்ற சாதிகளில் இருந்து மாறியவர்கள் மிகக் குறைவு. அப்படி யாராவது மாறினால் அது குடும்பச் செய்தியாக நிற்காது, ஊர்ச் செய்தியாகிவிடும்.

இந்தப் பின்னணியில் 1853-ல், தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்தில் இருந்த கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியர் வேலைக்கு கிருஷ்ணபிள்ளை போகிறார். ஜி.யு.போப் தொடங்கி வளர்த்த பள்ளி அது. (ஆமாம், திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே போப்.) கிருஷ்ணபிள்ளையைத் தேர்ந்தெடுத்தவர் கால்டுவெல் என்று சொல்வார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் வெளியிட்டது அடுத்த மூன்று ஆண்டுகளில், 1856-ல். வேலைக்கு வந்தவர் கிறிஸ்தவர் இல்லை. நெற்றியில் நாமம் இடும் வைணவர். நல்ல தமிழ் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவை, இவருக்கு ஒரு வேலை தேவை. இரண்டு பக்கமும் கணக்குச் சரி.

வேலைக்காக மாறினாரா?

மதமாற்றம் என்றாலே இன்றைக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். அதனால் தேதிகளைப் பார்த்துவிடுவோம்.

வேலை கிடைத்தது 1853. ஞானஸ்நானம் பெற்றது 1858. நடுவில் ஐந்து ஆண்டுகள். வேலை ஏற்கெனவே கையில் இருந்தது. மாறினால்தான் சம்பளம் என்று இல்லை. ஐந்து ஆண்டுகள் கிறிஸ்தவச் சூழலுக்குள் வைணவராகவே இருந்து பாடம் நடத்தியிருக்கிறார். ஆரம்பத்தில் கிறிஸ்தவத்தின் மேல் அவருக்கு நல்லெண்ணம்கூட இல்லை. அவருக்கு முன்பே நெருங்கிய நண்பர் ஒருவரும், சொந்தத் தம்பி முத்தையா பிள்ளையும் கிறிஸ்தவத்தின் பக்கம் போயிருந்தார்கள். வாதம் மிஷனரி மேடையில் இருந்து வரவில்லை, தெரிந்த வட்டத்துக்குள் இருந்தே வந்தது.

எது அவரைத் திருப்பியது? அவர் எழுதிய நூல்களின் பெயர்களே ஒரு துப்பு. இரட்சணிய யாத்திரிகம், இரட்சணிய மனோகரம், இரட்சணிய சமய நிர்ணயம்... எங்கே பார்த்தாலும் ‘இரட்சணியம்’. அதாவது மீட்பு. எல்லாரையும் காப்பாற்றும் கடவுள் யார் என்பதைவிட, குற்றம் செய்த என்னைக் காப்பாற்ற எந்தக் கடவுள் என்ன விலை கொடுத்தார் என்பதுதான் அவரை ஆட்டிப்படைத்த கேள்வி. சிலுவைக் கதையில் அதற்குப் பதில் இருப்பதாக அவர் நம்பினார். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் வாசிப்பவர் விருப்பம். ஆனால் அவர் கேள்வி நேர்மையானது என்பதில் சந்தேகப்பட இடமில்லை.

1858-ல் சென்னைக்கு வந்து, மயிலாப்பூர் புனித தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். வயது முப்பது. திருமணமாகி, குடும்பம் இருந்தது. ‘ஹென்றி’ என்ற புதுப்பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த ஆண்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1857 கலகத்தின் சூடு ஆறவில்லை. கம்பெனிக்காரன் எல்லாரையும் கிறிஸ்தவனாக்கப் பார்க்கிறான் என்ற பேச்சு நாடு முழுக்க இருந்த நேரம். மதம் மாறினால் பரம்பரைச் சொத்தில் உரிமை போகாது என்று 1850-ல்தான் ஒரு சட்டம் வந்திருந்தது. அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது என்பதே, அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிடும். சட்டம் வயலைக் காப்பாற்றலாம். பந்தியில் இலை போடச் சொல்லி எந்தச் சட்டமும் உத்தரவு போடாது. திருமணம், சாவு, திருவிழா, சம்பந்தி வீடு என்று ஒரு வேளாளரின் உலகம் எதனால் கட்டப்பட்டிருந்ததோ, அதெல்லாம் ஒரே நாளில் ஆட்டம் கண்டது.

ஒரு பத்திரிகை, மூன்று வழிகள்

சென்னையில் அவருக்குக் கிடைத்த வேலை நம் தொழில்தான்: பத்திரிகை. பீட்டர் பெர்சிவல் நடத்திய ‘தினவர்த்தமானி’யில் உதவி ஆசிரியர். மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணியும் இருந்தது.

இந்தப் பெர்சிவலைச் சுற்றி நடந்ததை வைத்து ஒரு வெப் சீரிஸே எடுக்கலாம். அவர் முன்பு யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, பைபிளைத் தமிழாக்க அவருக்கு உதவியவர் ஆறுமுக நாவலர். பைபிளை வரிவரியாகக் கற்றுத் தெரிந்த நாவலர் கிறிஸ்தவர் ஆகவில்லை. மாறாக, அதே மிஷனரிகளின் அச்சகம், பள்ளிக்கூடம், பிரசங்கம் என்ற கருவிகளை எடுத்துக்கொண்டு சைவத்தைத் தூக்கி நிறுத்தினார். அதே தினவர்த்தமானியில் ஆசிரியர் பணி பார்த்த இன்னொருவர் சி.வை.தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர் பிற்பாடு சைவத்துக்குத் திரும்பினார். கிருஷ்ணபிள்ளையோ வைணவத்தில் இருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தார்.

ஒரே மிஷனரி. அவரிடம் வேலை பார்த்த மூன்று தமிழர்கள். மூவரும் மூன்று திசை. வெள்ளைக்காரன் சொன்னான், இவர்கள் தலையாட்டினார்கள் என்று இந்தக் காலத்தைச் சுருக்கிச் சொல்வது எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மூவருமே படித்து, யோசித்து, விலை கொடுத்து முடிவெடுத்தவர்கள். அதில் பாதி மனசுக்காரர் யாரும் இல்லை.

கிருஷ்ணபிள்ளை சென்னையில் நிலைக்கவில்லை. நெல்லைக்கே திரும்பினார். சாயர்புரம், பாளையங்கோட்டை என்று தமிழாசிரியர் வேலை. 1880-களில் சில ஆண்டுகள் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். பெரிய பதவி, பெரிய பணம் எதுவும் இல்லை. இதைத் தாண்டி அவருடைய தொழில் வாழ்க்கையில் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அந்தக் காவியத்தில் இருக்கிறது.

சிறையில் எழுதப்பட்ட கதை, நெல்லையில் காவியமானது

17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் பனியன் என்று ஒருவர். பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்து ஓட்டை அடைக்கிற தொழிலாளி. அரசின் அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660-ல் பிடித்துப் பெட்ஃபோர்டு சிறையில் போட்டார்கள். இனிமேல் பிரசங்கம் செய்ய மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. 12 ஆண்டுகள் உள்ளே. வெளியே மனைவி, குழந்தைகள். அதில் மூத்த பெண்ணுக்குக் கண் தெரியாது. 1678-ல் வெளிவந்த அவருடைய ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ உலகம் முழுக்க மொழிபெயர்க்கப்பட்டது.

கதை இதுதான். முதுகில் ஒரு பெரிய சுமையோடு ஒருவன் நிற்கிறான். தன் ஊர் நெருப்பில் அழியப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஊரை விட்டு ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு ஓடுகிறான்.

அவனைத் திருப்பி அழைத்துவர அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் துரத்துகிறார்கள். ஒருவன் பிடிவாதக்காரன், கிண்டல் செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். இன்னொருவன் இளகிய மனசுக்காரன். மோட்சத்தில் என்னென்ன கிடைக்கும் என்று கேட்டு ஆசைப்பட்டு, நானும் வருகிறேன் என்று கூடவே நடக்கிறான். கொஞ்ச தூரத்தில் ஒரு சேற்றுக்குழி. இருவரும் விழுகிறார்கள். இளகியவன் தட்டுத்தடுமாறி மேலே ஏறிவிடுகிறான். ஏறியது தன் வீடு இருக்கும் பக்கத்துக் கரையில். அப்படியே வீட்டுக்கு நடையைக் கட்டுகிறான்.

முழு இருதயம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இந்த ஒரு காட்சி போதும். இரண்டு பேருக்கும் அதே சேறுதான். எந்தக் கரையில் ஏறுகிறான் என்பதில்தான் ஆள் தெரிகிறது. ஜிம்முக்கு ஜனவரியில் பணம் கட்டிய எல்லாருக்கும் இந்த இளகிய மனசுக்காரனைத் தெரியும்!

வழியில் இன்னொரு ஆள் வருவான். மதம் வெள்ளிச் செருப்பு போட்டுக்கொண்டு வெயிலில் உலாத்தும்போது மட்டும் கூட நடப்பான். கந்தல் கட்டினால் காணாமல் போவான். ஒரு சந்தை வரும். அங்கே பதவி, பட்டம், சுகம் எல்லாம் விற்பனைக்கு. எதுவும் வாங்க மறுத்த குற்றத்துக்கு நாயகனின் துணையைக் கொன்றுவிடுவார்கள். சந்தேகக் கோட்டையில் ஒரு ராட்சதன் நாயகனை அடைத்துப்போடுவான். தப்பிக்கும் சாவி முழு நேரமும் அவன் மடியிலேயே இருந்திருக்கும். கடைசியில் பாலம் இல்லாத ஓர் ஆறு. அதை இறங்கித்தான் கடக்க வேண்டும்.

இந்தக் கதையைத்தான் கிருஷ்ணபிள்ளை எடுத்தார். ஆங்கில உரைநடையைத் தமிழ் உரைநடையாக்கி விட்டுவிடவில்லை. விருத்தம் விருத்தமாக, ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களில், பாடப்புத்தகக் கணக்குப்படி 3,766 பாடல்களில் ஒரு முழுக் காப்பியமாக்கினார். ‘நற்போதகம்’ என்ற கிறிஸ்தவ மாத இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894-ல் நூலானது. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு. பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, குடும்பம் பார்த்து, மிச்ச நேரத்தில் எழுதிய காவியம்.

பனியனில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார். இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் விரிவாகப் பாடினார். நாம் பள்ளியில் படித்த பகுதி அதுதான். பனியன் கதையில் சுமை சிலுவையடியில் சட்டென்று கழன்று விழுந்துவிடும், கதை நகர்ந்துவிடும். கிருஷ்ணபிள்ளையால் அப்படி நகர முடியவில்லை. ராமன் காட்டுக்குப் போகும் இடத்தில் கம்பனோடு சேர்ந்து அழுது வளர்ந்தவர் அல்லவா? அந்த இடத்தில் நின்று, பார்த்து, உருகிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறார். பக்தி என்றால் உருக்கம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஆழ்வார்கள். அந்தப் பாடத்தை அவர் மறக்கவே இல்லை.

எதை விட்டார், எதை விடவில்லை?

இதுதான் இந்த வாழ்க்கையின் மையமான விஷயம். கடவுளை முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழு மனதோடும், முழுப் பலத்தோடும் நேசிக்கச் சொல்வதைத்தான் இயேசு எல்லாக் கட்டளைகளிலும் முதன்மையானதாகச் சொன்னார் என்கின்றன நற்செய்தி நூல்கள். முழுசு என்றால், பழையதில் எதுவும் மிஞ்சக் கூடாதா?

மிஞ்சக் கூடாது என்று நினைத்தவர்கள் அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. பழைய பாட்டு, பழைய சொல், பழைய ராகம் எல்லாமே பழைய சாமியின் மிச்சம் என்று பயந்தவர்கள். கிருஷ்ணபிள்ளை வேறு மாதிரி கணக்குப் போட்டார். வணங்கும் கடவுளை மாற்றினார். சடங்கை விட்டார். ஊரும் உறவும் தந்த பாதுகாப்பை இழக்கத் துணிந்தார். ஆனால், கடவுளிடம் எப்படிப் பேசுவது என்று தன் முன்னோர் கற்றுத்தந்த தமிழை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்.

காவியத்துக்குள் அங்கங்கே கதையை நிறுத்திவிட்டு உருகிப் பாடும் இசைப் பாடல்களுக்கு அவர் வைத்த பெயர், தேவாரம். அது சைவர்களின் சொல்! வைணவராகப் பிறந்த கிறிஸ்தவர், சைவச் சொல்லை எடுத்து இயேசுவுக்குச் சூட்டுகிறார். ‘போற்றித் திருஅகவல்’ என்று இன்னொரு நூல். திருவாசகம் படித்தவர்களுக்கு அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே ஒரு மணி அடிக்கும். 1899-ல் வந்த ‘இரட்சணிய மனோகரம்’ முழுக்க இப்படியான பக்திப் பாடல்கள்தான்.

அவருடைய ஒரு பாடல் இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகிறது. சத்து, சித்து, ஆனந்தம் என்று வேதாந்தம் பிரம்மத்துக்குச் சொல்லும் மூன்று சொற்களையும் எடுத்து, பிதா, குமாரன், ஆவி என்ற மூவொரு கடவுளைப் போற்றும் பாட்டு. அதில் பாடுகிறவர் தன்னை ‘நாயடியேன்’ என்று சொல்லிக்கொள்வார். மாணிக்கவாசகர் வாயில் பழகிய சொல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பாடும் எத்தனை பேருக்கு அந்தச் சொல் எந்த வீட்டில் இருந்து வந்தது என்று தெரியும்? தெரியாமலே பாடுகிறார்கள் என்பதுதான் அவருடைய வெற்றி என்றுகூடச் சொல்லலாம்.

சமரசம் என்று இதைச் சொல்லலாமா? பாதி அங்கே, பாதி இங்கே என்று? அப்படித் தோன்றவில்லை. பாதி மனசுக்காரர் தனக்குச் சுலபமானதைத்தான் தருவார். இவர் தன்னிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்ததை, அப்பாவிடம் கேட்டு வளர்ந்த கம்பன் தமிழை, வீட்டிலேயே வைத்துவிட்டு வராமல் அதையும் சேர்த்துக் கொடுத்தார். கீழே போட்டுவிட்டு வருவதும், கொண்டுபோய்ச் சமர்ப்பிப்பதும் ஒன்றில்லையே.

கேட்க வேண்டிய சங்கடமான கேள்வி

சரி, எல்லாம் விட்டவர் சாதியை விட்டாரா?

அவர் பெயரைப் பாருங்கள். ஹென்றி என்பது சர்ச் தந்தது. கிருஷ்ணன் என்பது அவர் விட்டுவந்த கடவுளின் பெயர். பிள்ளை என்பது சாதிப் பட்டம். மூன்றும் அட்டையில் கடைசி வரைக்கும் ஒன்றாக நின்றன. அந்தக் காலத்தில் அது பெரிதாக யாரையும் உறுத்தவில்லை. தமிழ்க் கிறிஸ்தவ உலகமே சாதி விஷயத்தில் அப்போது பிளந்துதான் கிடந்தது. சபைக்குள் சாதி வேறுபாடு பார்க்கலாமா என்று 19-ம் நூற்றாண்டு முழுக்க மிஷனரிகளுக்கும் உயர்சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் சண்டை. இன்றைக்கும் கல்லறைத் தோட்டம் வரைக்கும் அந்தச் சண்டை வருகிறது.

இதற்கு நேர் எதிரே ஒரு வழக்கு. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1745-ல், குமரி நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். கைதாகி, சித்திரவதைப்பட்டு, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரில் இருந்த ‘பிள்ளை’யை நீக்கிவிட்டுத்தான் அறிவித்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் உட்படப் பலர் அதற்காகக் கோரிக்கை வைத்திருந்தார்கள்.

கிருஷ்ணபிள்ளையை இன்றைய அளவுகோலால் மட்டும் அளப்பது நியாயமில்லை. ஆனால் கேள்வியைக் கேட்காமல் விடுவதும் நியாயமில்லை. அவர் காவியத்தின் தமிழ், கம்பன் படித்தவர்களுக்கான தமிழ். அவருடைய சபைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகளும் விவசாயக் கூலிகளும். அவர்களில் எத்தனை பேரால் அந்த விருத்தங்களைப் பிரித்துப் படித்திருக்க முடியும்? கூட்டத்தோடு சேர்ந்து பாட அவர்களுக்குக் கிடைத்தது அவருடைய சில பாடல்கள். காவியம் புலவர்களிடம் போனது, பிறகு பாடப்புத்தகத்துக்குப் போனது. அழகான வீடு கட்டினார். வாசல் கொஞ்சம் உயரத்தில் இருந்தது.

கடைசி ஏழெட்டு ஆண்டுகள்

பொதுவாக மனிதர்கள் ஓய்வுபெறும் வயதில் அவர் வேகமெடுத்தார். 1890-களில், தான் எப்படிக் கிறிஸ்தவன் ஆனேன் என்ற வரலாற்றை உரைநடையில் எழுதினார். 1894-ல், அறுபத்தேழு வயதில், காவியம் நூலாக வந்தது. 1898-ல் ‘இரட்சணிய சமய நிர்ணயம்’. இது வாதம் நிறைந்த உரைநடை நூல். பாட்டில் உருகிய ஆள், இதில் வக்கீல் மாதிரி பேசுவார். தான் விட்டுவந்த மரபைப் பற்றி அதில் அவர் எடுக்கும் நிலைப்பாடு மென்மையானது அல்ல. ஆழ்வார் மொழியில் பாடினார் என்பதற்காக எல்லாமே ஒன்றுதான் என்று சொன்னவர் என அவரைப் புரிந்துகொண்டால், அது அவருக்கே பிடித்திருக்காது. அடுத்த ஆண்டே மனோகரம்.

பனியனுக்கும் ஒரு பின்கதை உண்டு. காதை அடைத்துக்கொண்டு ஓடிய நாயகனின் மனைவியும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை போல. 1684-ல் இரண்டாம் பாகம் எழுதி, அவர்களையும் அதே பாதையில் நடக்கவைத்தார். கிருஷ்ணபிள்ளை தன் காவியத்தை முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டார்.

1900 பிப்ரவரி 3-ல் காலமானார். ‘இரட்சணிய குறள்’, ‘இரட்சணிய பாலபோதனை’ என்ற பெயர்களில் இன்னும் இரண்டு நூல்கள் எழுதியதாகச் சொல்வார்கள். அவை கிடைக்கவில்லை. முதல் தலைப்பை வைத்துப் பார்த்தால், கம்பனுக்கும் ஆழ்வாருக்கும் மாணிக்கவாசகருக்கும் அடுத்து வள்ளுவரிடமும் போயிருக்கிறார்.